ராகுகாலத்து வீட்டுப் பையன்

எங்கள் அப்பாவுக்கு ஊரில் இரண்டு பெயர்கள் இருந்தன. முகத்துக்கு நேராக 'மோட்டார்காரர்', அந்தப் பக்கம் நகர்ந்ததும் 'ராகுகாலம்'. பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்ததால் முதல் பெயர். 1974-இல், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சாயங்காலம் நாலரைக்கு மேல் ஆறு மணிக்குள் கல்யாணம் செய்துகொண்டதால் இரண்டாவது பெயர். அதனால் நான் பள்ளிக்கூடத்தில் 'ராகுகாலத்து வீட்டுப் பையன்'. சுருக்கமாக 'டேய் ராகு'. பத்து வயது வரைக்கும் அது ஏதோ பட்டம் என்று நினைத்துப் பெருமையாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊர் லால்குடிப் பக்கம். நெல்லும் வாழையும், நடுவில் வாய்க்கால். அந்த வட்டாரத்தில் கறுப்புச் சட்டைக்காரர்கள் எப்போதும் உண்டு. 1957 நவம்பர் 26-ஆம் தேதி, சாதிக்கு இடம் கொடுக்கிறது என்று சொல்லி அரசியல் சட்டத்தை எரித்துவிட்டு ஆயிரக்கணக்கில் ஜெயிலுக்குப் போனார்களே, அதில் எங்கள் பக்கத்து ஆட்கள் நிறைய. அப்பாவுக்கு அப்போது பத்து வயது. போலீஸ் வேனில் ஏறியவர்களில் ஒருவர் இவருக்குத் தினமும் கமர்கட் வாங்கிக் கொடுக்கிறவராம். கொள்கையைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் புரியவில்லை, கமர்கட் நின்றுபோனது மட்டும் புரிந்தது என்று அப்பா சொல்வார்.

ஆனால் வளர்ந்தபின் அவரே தீவிரமாகிவிட்டார். கல்யாணம் என்றால் பெரியார் தலைமையில்தான் என்று பிடிவாதமாக இருந்தார். 1973 டிசம்பரில் பெரியார் இறந்துவிட்டார். அப்பாவுக்கு அது தன் கல்யாணத்துக்கு நேர்ந்த துக்கம் மாதிரிதான் இருந்திருக்கிறது. அந்தக் கோபத்தில்தானோ என்னவோ, ராகுகாலம் மட்டும் போதாது, ஆடி மாதமாகவும் இருக்கட்டும் என்று முடிவு செய்தார். அதில் ஒரு லாபமும் உண்டு. ஆடியில் பந்தல்காரரும் சமையல்காரரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், கூலி பாதிதான்.

அழைப்பிதழில் 'வாழ்க்கை ஒப்பந்த விழா' என்று போட்டதைக்கூடத் தாத்தா பொறுத்துக்கொண்டார். அவர் பெயருக்குப் பின்னால் இருந்த சாதி வாலை வெட்டி அச்சடித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. "என் பேர நீ யாருடா வெட்ட?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். தன் பெயரை வெட்டிக்கொள்வது ஒன்று, அப்பன் பெயரை வெட்டுவது வேறு. பேனாவை எடுத்து இருநூறு அழைப்பிதழிலும் தன் பெயருக்குப் பக்கத்தில் வாலைக் கையால் எழுதிச் சேர்த்தாராம். வீட்டில் இன்னும் ஒரு பிரதி இருக்கிறது. அச்சு கறுப்பு, வால் ஊதா.

இந்த வால் வெட்டும் சமாசாரம் எங்கே ஆரம்பித்தது என்று பிற்பாடு தேடிப் படித்தேன். பெரியார் 1927 முடிவிலேயே தன் பத்திரிகையில் 'நாயக்கர்' என்பதை விட்டுவிட்டார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டில் அது தீர்மானமே ஆனது. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை, பிடிக்காத கல்யாணத்திலிருந்து விலகும் உரிமை எல்லாம் அதே மாநாட்டில் நிறைவேறிய தீர்மானங்கள்தான், 1929-இல்! தலைமை வகித்தவர் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன். ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸுக்கு லைசென்ஸ் கிடையாது என்று உத்தரவு போட்டவர். சென்னை தி. நகரில் பாண்டி பஜார் என்று நாம் போய்ச் செருப்பும் ஜிமிக்கியும் வாங்குகிற தெருவுக்கு அவர் பெயர்தான். அதில் எத்தனை தடவை நடந்திருக்கிறேன், ஒரு தடவைகூட இது யார் பாண்டி என்று கேட்டதில்லை.

அந்த மாநாட்டில் தன் வாலை வெட்டிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கியவரை ஊரில் எப்படிப் பார்த்திருப்பார்கள்? பைத்தியம் என்றுதான். இன்றைக்கு அது என்ன ஆகியிருக்கிறது என்றால், என் அலுவலகத்து அமெரிக்கர்கள் என்னை என் அப்பா பெயரால் கூப்பிடுகிறார்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போடுவதற்கு எனக்கு ஒன்றுமே இல்லை, அப்பா பெயரைப் போட்டேன். ஒரு கலகம் நூறு வருஷம் கழித்து ஒரு படிவத்தை நிரப்புகிற தொல்லையாக மிஞ்சியிருக்கிறது என்றால், என்னைக் கேட்டால் அது பெரிய வெற்றி. கலகம் என்றே யாருக்கும் ஞாபகம் இல்லை பாருங்கள்.

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன். தாத்தாவின் தம்பி ஒருவர் திருச்சியில் வக்கீல் குமாஸ்தா. அவர் வந்து, "அய்யர் இல்லாம, அக்கினி இல்லாம பண்ணினா சட்டப்படி செல்லாது, நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்குச் சொத்து வராது" என்று பந்தலிலேயே உட்கார்ந்து சொன்னாராம். அவர் சொன்னது பொய் இல்லை, பழசு. 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. 1928-இல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்ததிலிருந்து கால் நூற்றாண்டாக அப்படிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் எல்லோரும் சட்டத்தின் கண்ணில் திடீரென்று கல்யாணம் ஆகாதவர்களாகிவிட்டார்கள், அவர்களில் பல பேர் அதற்குள் பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள். 1967-இல் அண்ணா முதலமைச்சரான பிறகுதான் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, 1968 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்து, முன்பு நடந்த கல்யாணங்களையும் சேர்த்தே செல்லும் என்றாக்கினார்கள். குமாஸ்தா தாத்தாவுக்கு இந்தச் சங்கதி எட்டவில்லை. அப்பா சட்டைப் பையிலிருந்து எட்டாக மடித்த தாளை எடுத்து நீட்டினார்.

அந்தப் பிரிவை நான் பல தடவை வாசித்திருக்கிறேன். சொந்தக்காரர், சிநேகிதர், யாராவது நாலு பேர் முன்னால், இவர் என் கணவர், இவர் என் மனைவி என்று புரிகிற பாஷையில் சொல்ல வேண்டும். அல்லது மாலை மாற்ற வேண்டும். அல்லது மோதிரம் போட வேண்டும். அல்லது தாலி கட்ட வேண்டும். எல்லாமே 'அல்லது'. இதில் ஏதாவது ஒன்று போதும். சட்டப் புத்தகத்தில் இவ்வளவு அழகான சொல் வேறு இருக்குமா தெரியவில்லை. தாலி வேண்டும் என்பவர் கட்டிக்கொள்ளலாம், வேண்டாம் என்பவர் விட்டுவிடலாம், இரண்டும் கல்யாணம்தான்.

அப்பா அந்த 'அல்லது'வைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டார். தாலி கிடையாது, மாலை மட்டும். அம்மாவைக் கேட்டாரா என்றால், கேட்கவில்லை.

இங்கேதான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சின்ன வயதில் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிகளில் அப்பாவின் கல்யாணத்தை மேடையில் சொல்லிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன். அந்தக் கதையில் அம்மாவுக்கு வசனமே இருக்காது. மாலை போட்டுக்கொண்டு நிற்பாள், அவ்வளவுதான். (அப்பாவுக்கு 'ர்', அம்மாவுக்கு 'ள்' என்று எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதை இந்த இடத்தில்தான் கவனித்தேன். மாற்றிப் பார்த்தேன், யாரோ தலைமையாசிரியையைப் பற்றி எழுதுவது போல இருந்தது. விட்டுவிட்டேன். நான் என்ன லட்சணத்தில் கலகக்காரன் என்பது உங்களுக்கும் தெரிய வேண்டுமில்லையா.)

அம்மா கதை வேறு. 1976-இல் அவளுடைய சித்தி மகளுக்கு வளைகாப்பு. வளையல் போட வரிசையில் நின்றிருக்கிறாள். முறை வரும்போது ஒரு கிழவி, சத்தமாகக்கூட இல்லை, கொஞ்சம் பரிவோடுதான், "நீ தள்ளி நில்லும்மா, கழுத்துல ஒண்ணும் இல்லாம எப்படி" என்று கையைப் பிடித்து நகர்த்திவிட்டாள். கல்யாணமாகி இரண்டு வருஷம், பிள்ளை இல்லை. தாலி இல்லாத வயிற்றில் பிள்ளை எப்படித் தங்கும் என்று பேச்சு வேறு ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவிடம் இதைச் சொல்லியிருந்தால் மூடநம்பிக்கை பற்றி அரைமணி நேரம் பேசியிருப்பார். அம்மா சொல்லவில்லை. அடுத்த வாரம் லால்குடி சந்தைக்குப் போனவள் ஒரு மஞ்சள் கயிறு வாங்கி, அதில் ஒரு மஞ்சள் கிழங்கை முடிந்து, சிவன் கோயில் பிராகாரத்தில் தூண் மறைவில் நின்று தானே தன் கழுத்தில் கட்டிக்கொண்டாள்.

யோசித்துப் பாருங்கள். தன் தாலியைத் தானே கட்டிக்கொண்ட பெண்! புருஷன் கையும் இல்லை, அய்யர் கையும் இல்லை, நாத்தனார் மூன்றாவது முடிச்சும் இல்லை. மந்திரம் இல்லாமல் மாலை மாற்றியதைவிட இது பெரிய மீறலா சின்ன மீறலா என்று எனக்கு இன்னும் தீர்மானிக்க முடியவில்லை. அம்மாவிடம் கேட்டால், "ஆமா, அன்னிக்கு வெயில் வேற" என்பாள்.

அப்பா அன்று ராத்திரியே பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்த மிகச் சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். அப்பா ராகுகாலத்தில் கல்யாணம் செய்துகொண்டார், மறுநாள் காலையில் கடையைத் திறந்தார். கடைக்கு வருகிறவன் மோட்டார் எரிந்துபோய் வருகிறான், பயிர் காய்கிறது, அவனுக்கு அப்பாவின் கொள்கை பற்றி என்ன? கிணற்றடியில், கோயில் வாசலில், வளைகாப்பு வரிசையில் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது அம்மா. துணிச்சல் அப்பா பெயரில், செலவு அம்மா கணக்கில். நம்மூர்ச் சீர்திருத்தக்காரர் வீடுகளில் இந்தக் கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் பல இடங்களில் இதேதான் வரும் என்று நினைக்கிறேன்.

ஆனால் அப்பாவை ஊர் ஏன் தள்ளி வைக்கவில்லை என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். 'ஊருடன் கூடி வாழ்' என்று ஒன்றாம் வகுப்பில் படிக்கிறோம், வள்ளுவரும் உலகத்தோடு ஒட்ட ஒழுகத் தெரியாதவன் எவ்வளவு படித்திருந்தாலும் அறிவில்லாதவன் என்கிறார். அப்பாவுக்கு இந்தக் குறள் பிடிக்காது. ஆனால் அவர் வாழ்ந்தது கிட்டத்தட்ட அப்படித்தான். குறுவை நேரத்தில் ராத்திரி பதினோரு மணிக்கு மாட்டுவண்டியில் மோட்டாரைப் போட்டுக்கொண்டு வந்து கதவைத் தட்டுவார்கள். எரிந்த காயிலை வெட்டி எடுத்து, சுற்று எண்ணிக் குறித்துக்கொண்டு, எனாமல் கம்பியைச் சுற்றி, ஒவ்வொரு காடியாக இறக்கி, வார்னிஷ் ஊற்றிக் காய வைத்து, விடிகாலையில் கொடுத்தனுப்புவார். கோயில் திருவிழாவுக்கு சாமி கும்பிட வரமாட்டார், சீரியல் செட் எரியவில்லை என்றால் ஏணியோடு வந்துவிடுவார். எழவு வீட்டில் முதல் ஆளாக நிற்பார். ஊரில் அவரை எதிர்த்தவர்கள் எல்லோர் வயலிலும் அவர் கட்டிய காயில் ஓடிக்கொண்டிருந்தது. பட்டணத்துக்குப் போய் அங்கிருந்து ஊரைத் திட்டியிருந்தால் அவர் பாட்டுக்குத் திட்டிக்கொண்டிருந்திருப்பார், ஊர் பாட்டுக்கு இருந்திருக்கும்.

இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பாவின் கல்யாணத்தைப் பார்த்து ஊரில் இன்னொருவர் ராகுகாலத்தில் கல்யாணம் செய்துகொண்டாரா என்றால், என் நினைவில் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் அவரை ரசித்தார்கள். கொஞ்சம் பெருமையாகக்கூட வெளியூர்க்காரர்களிடம் சொன்னார்கள். அதாவது அவரை ஒரு விதிவிலக்காக, வேடிக்கையாக, 'ராகுகாலம்' என்று பெயர் வைத்து ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். ஒரு ஆளைச் செரித்துவிட ஊருக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

ஊரை மாற்றியது அம்மா. அதற்குக் காரணம் அத்தை.

அப்பாவின் அக்கா, உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தது. 1983-இல் மாமா போய்விட்டார். கருமாதிக்கு முந்தின ராத்திரி தாலி வாங்கும் சடங்கு. பூ வைத்து, பொட்டு வைத்து, கை நிறைய வளையல் அடுக்கி, கடைசியாக ஒரு தடவை அலங்கரித்து எல்லாவற்றையும் உடைப்பதும் அழிப்பதும். பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்கு விவரிக்க எனக்கு மனசில்லை. சடங்கு செய்ய வந்த விதவைப் பெண்களுக்கு நேராக அம்மா அறை வாசலில் குறுக்கே நின்றாள். எனக்கு ஐந்து வயது, அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது நிழலாக ஞாபகம். மற்றதெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டது.

"நான் தாலி இல்லாம ரெண்டு வருஷம் இருந்தேன், அப்பவும் அவருக்குப் பொண்டாட்டிதான். நானா கட்டிக்கிட்டேன், அப்பவும் பொண்டாட்டிதான். அண்ணி கழுத்துல கிடந்தா என்ன, கிடக்காட்டி என்ன? வேணும்னா அவங்களே கழட்டட்டும். நீங்க யாரும் கை வைக்கக் கூடாது."

தானாகக் கட்டிக்கொண்டது அன்றைக்குத்தான் ஊருக்கே தெரிந்தது. அந்த அதிர்ச்சியில் எல்லோரும் கொஞ்சம் திகைத்துப்போக, அந்த இடைவெளியில் சடங்கு நடக்காமலே விடிந்துவிட்டது. அத்தை தாலியை மூன்று மாதம் கழித்து ஒருநாள் குளிக்கப் போகும்போது கழற்றிப் பெட்டியில் வைத்தாள். பொட்டை விடவில்லை.

அதற்குப் பிறகுதான் நீண்ட வேலை. அத்தையை வீட்டுக்குள் காப்பாற்றியாகிவிட்டது, வெளியே? கல்யாணத்தில், சீமந்தத்தில், பெண் வயதுக்கு வந்த வீட்டில் அத்தையைக் கூப்பிட மாட்டார்கள், கூப்பிட்டாலும் பின்கட்டோடு சரி. பின்கட்டில் அத்தை இல்லாமல் ஆகாது என்பதுதான் வேடிக்கை. எங்கள் பக்கத்தில் சீர்ப் பலகாரம் என்றால் அதிரசம் முக்கியம். அதிரசம் சும்மா வந்துவிடாது. பச்சரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தி ஈரம் போகுமுன் இடிக்க வேண்டும். வெல்லப் பாகு ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் உருட்ட வரவேண்டும், கரையவும் கூடாது, கல்லாகவும் கூடாது. கொஞ்சம் முந்தினால் எண்ணெயில் போட்டதும் பிரிந்துபோகும், பிந்தினால் பல் உடையும். அந்தப் பதம் அத்தைக்கு வாசனையிலேயே தெரியும். ஆக மங்கலமான சீர்த் தட்டில் இருப்பது அத்தை கை பட்ட அதிரசம், அந்தத் தட்டைத் தொடக் கூடாதவளும் அத்தை.

1985 வாக்கில் பெரிய வீட்டுக் கல்யாணம் ஒன்று. அதிரச மாவுக்கு அத்தையைக் கூட்டிப்போக ஆள் வந்தது. அம்மா வாசலிலேயே கேட்டாள். "பாகுக்கு மட்டும் அண்ணி வேணுமா, தட்டுத் தூக்க வேண்டாமா? கை வேணும்னா ஆளும் வேணும். நாளைக்குச் சீர் வரிசையில அண்ணி முன்னால வருவாங்கன்னா இப்ப அனுப்புறேன்." வந்தவன் போய்விட்டான். அவர்கள் லால்குடியில் ஆள் பிடித்துச் செய்தார்கள். அதிரசம் எண்ணெயில் பிரிந்து, சீர்த் தட்டில் தூளாக வந்தது. ஊர் முழுக்க அதுதான் பேச்சு. அம்மாவைத் திட்டினார்கள், திமிர் என்றார்கள், மோட்டார்காரர் பெண்டாட்டியைக் கெடுத்து வைத்திருக்கிறார் என்றார்கள் (அந்தப் பெருமையும் அப்பாவுக்கே போனது). ஆனால் அடுத்த வருஷம் வேறொரு வீட்டிலிருந்து வந்த ஆள், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அத்தையும் வரிசையில வரட்டும்னு அம்மா சொல்லச் சொன்னாங்க" என்றான்.

கடைசி வரிசையில்தான். ஓரத்தில்தான். வாழைப்பழத் தட்டுத்தான், தாலித் தட்டு இல்லை. ஆனால் முன்வாசல் வழியாக.

இதைக் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள், நானும் சிரித்துக்கொண்டுதான் சொல்வேன். ஆனால் அத்தைக்கு அந்தப் பத்து வருஷம் சிரிப்பாக இருக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தி முகத்தைத் திருப்புவாள், யாராவது ஒரு கிழவி "காலம் கெட்டுப்போச்சு" என்பாள், அத்தை வீட்டுக்கு வந்து "இனிமே என்னைக் கூப்பிடாத, நான் வரல" என்று அழுவாள், அம்மா இரண்டு நாள் விட்டுவிட்டு மறுபடி புடவையை எடுத்து வைப்பாள். இதில் யார் பிடிவாதம் யாருக்குப் பாரமாக இருந்தது என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அப்பா அம்மாவைக் கேட்காமல் செய்தது போல அம்மா அத்தையைக் கேட்காமல் செய்தாளா? அத்தையிடமே கேட்டிருக்கிறேன். "முதல்ல அவளுக்காகப் போனேன். அப்புறம் எனக்காகப் போனேன். எப்ப மாறிச்சுன்னு தெரியல" என்றாள்.

மாற்றம் எங்கே திரும்பியது என்று கேட்டால், 1991 என்று சொல்வேன். மேலத்தெருவில் வாழைத்தார் வியாபாரி ஒருவரின் மனைவி, புருஷன் போய் நாலு வருஷம், மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்தாள். முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து அடுப்படியில் அம்மாவோடும் அத்தையோடும் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. கிளம்பும்போது, "நாளைக்கு நான் மணமேடை ஏறினா நீங்க ரெண்டு பேரும் முன்னால உக்காந்திருப்பீங்களா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. மேடை ஏறினாள், மகனுக்கு விபூதி பூசினாள். முன்வரிசையில் அம்மாவும் அத்தையும். யாரும் எழுந்து போகவில்லை.

1950-களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். மூன்று கோடுகளில் எது முதல் அட்டையில் உள்ள கோட்டின் நீளம் என்று கேட்பார்கள், குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருக்கும் மற்றவர்கள் எல்லோரும் சொல்லிவைத்து ஒரே தவறான பதிலைச் சொல்வார்கள். மாட்டிக்கொண்டவர் சொன்ன பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகவே வந்தது. ஆனால் ஒரே ஒரு ஆள் சரியான பதிலைச் சொன்னால் போதும், கூட்டத்துக்கு ஒத்துப்போவது இருபதில் ஒன்று என்ற அளவுக்கு விழுந்துவிடும். அதைப் படித்தபோது எனக்கு அந்த மேலத்தெரு அம்மாள்தான் ஞாபகம் வந்தாள். அவளுக்கு ஆதரவாக ஊர் மாற வேண்டியிருக்கவில்லை, முன்வரிசையில் இரண்டு பேர் உட்கார வேண்டியிருந்தது. அம்மா முதல் ஆள் என்று நான் பெருமைப்படலாம். ஆனால் பழக்கத்தை மாற்றியது இரண்டாவதாக வந்தவள். அவளுக்குக் கொள்கையும் இல்லை, கறுப்புச் சட்டையும் இல்லை, மகன் கல்யாணத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க ஆசை, அவ்வளவே. அவளால் முடிந்தது என்றால் நம்மாலும் முடியும் என்று மற்றவர்களுக்குத் தோன்ற அது போதுமாக இருந்தது. எங்கள் வீட்டைப் பார்த்து யாருக்கும் அப்படித் தோன்றியதில்லை, நாங்கள்தான் ராகுகாலத்து வீடாயிற்றே.

என் கல்யாணம் 2006-இல். எனக்கும் அப்பா ரத்தம், தாலி கூடாது என்று ஆரம்பித்தேன். எனக்குப் பார்த்திருந்த பெண்ணுக்குத் தாலி வேண்டும். நான் அவளுக்குக் கட்டுரை கட்டுரையாக மின்னஞ்சல் அனுப்பினேன். அம்மா ஒருநாள் போனில், "உங்கப்பா பண்ணின தப்ப நீயும் பண்ணாத. அவ கழுத்து அவளுது" என்றாள். தாலி கட்டினேன். தாலித் தட்டை எடுத்துக் கொடுத்தது அத்தை.

படித்த பாடம் மனசில் நின்றதா என்றால், இல்லை. சென்னையில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில், வீட்டு வேலை செய்கிறவர்கள் சர்வீஸ் லிஃப்டில்தான் போக வேண்டும் என்று பலகை மாட்டியிருந்தார்கள். நான் குடியிருப்போர் வாட்ஸப் குழுவில் நீளமாக எழுதினேன், செங்கல்பட்டு மாநாடெல்லாம் அதில் வந்தது. மூன்று கட்டைவிரல் கிடைத்தது. கோபத்தில் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவிடம், "நீங்க மெயின் லிஃப்ட்லயே வாங்க, யாராவது கேட்டா என் பேரச் சொல்லுங்க" என்றேன். அவர் வந்தார். செக்யூரிட்டி சூப்பர்வைசர் அவருடைய கேட் பாஸைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அரைமணி நேரம் வெயிலில் நிறுத்தினார். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு யார் கேட் பாஸ் கொடுத்தார்கள், பிடுங்குவதற்கு?

துணிச்சல் என் பெயரில், செலவு அக்கா கணக்கில். அப்பாவைப் பற்றி மேலே எழுதினேனே, அதேதான்.

என் மனைவி ஒன்றும் எழுதவில்லை. தண்ணீர் லாரி கணக்கைப் பார்க்க ஆள் இல்லாமல் சங்கம் திணறிக்கொண்டிருந்தபோது போய் அதை எடுத்துக்கொண்டாள். ஒரு வருஷம் அந்தக் கணக்கைப் பைசா சுத்தமாக எழுதினாள். தினமும் காலையில் நடைப்பயிற்சி முடித்து, அக்கா வரும் நேரத்துக்குக் கீழே நின்று, இரண்டு பேருமாகப் பேசிக்கொண்டே மெயின் லிஃப்டில் ஏறினார்கள். அவளை யார் தடுப்பது, லாரிக் கணக்கு அவளிடம் இருக்கிறது. அப்புறம் எதிர் வீட்டுப் பெண்மணியும் அப்படி ஏற ஆரம்பித்தார். போன வருஷம் பெயின்ட் அடிக்க எல்லாப் பலகைகளையும் கழற்றினார்கள், அந்தப் பலகை மட்டும் திரும்ப மாட்டப்படவில்லை. அது எங்கே போனது என்று மனைவியிடம் கேட்டேன், "எந்தப் பலகை?" என்றாள்.

இதெல்லாம் படித்துவிட்டு எங்கள் குடும்பம் ஏதோ புரட்சிக் குடும்பம் என்று நினைத்துவிட வேண்டாம். அப்பா ராகுகாலத்தை மீறினார், ஆடியை மீறினார், அய்யரை மீறினார், தாத்தாவின் வாலை வெட்டினார். சாதியை மீறவில்லை. அம்மாவும் அதே சாதிதான். என் தங்கைக்கு வரன் பார்த்தபோது கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு போய் எந்தெந்த வீடுகளில் விசாரித்தார் என்று எனக்குத் தெரியும். நானும் அப்பா காட்டிய பெண்ணைத்தான் கட்டினேன், அவளும் எங்கள் சாதிதான். வால் பெயரிலிருந்து போனது, எங்கேயும் போகவில்லை. 'எந்த ஊரு, எந்தத் தெரு' என்று இரண்டு கேள்வியில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். இப்போது ஊருக்குப் போனால் பிளெக்ஸ் பேனர்களில் இருபது வயசுப் பையன்கள் வாலை மறுபடி ஒட்டிக்கொண்டு கண்ணாடி போட்டு நிற்கிறார்கள். 2023-இல் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிக்கூடத்தில் சாதிக் கயிறு கட்டக் கூடாது என்று பரிந்துரைக்க வேண்டியிருந்தது. தாத்தா கையால் எழுதிச் சேர்த்த ஊதா மை அவ்வளவு சீக்கிரம் அழிகிறதாக இல்லை.

அதே 2023 ஆகஸ்டில்தான் உச்ச நீதிமன்றம் 7ஏ பற்றி ஒரு தீர்ப்பும் சொன்னது. வக்கீல் அலுவலகத்தில் நாலு பேர் முன்னால் ரகசியமாக நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்ததை மாற்றி, ஊரைக் கூட்டிப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்றது. ஊரைக் கூட்டினால் உயிருக்கு ஆபத்து என்கிற ஜோடிகளுக்குத்தான் இன்று அந்தப் பிரிவு அதிகம் வேண்டியிருக்கிறது. அப்பாவிடம் செய்தித்தாளை நீட்டினேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்தது இது எத்தனையாவது தடவை என்று எண்ணிக்கொண்டேன்.

போன தை மாதம் ஊரில் ஒரு கல்யாணம், பங்காளி முறை. அய்யர் உண்டு, அக்கினி உண்டு, நல்ல முகூர்த்தம். பெண்ணின் அம்மா கொரோனாவில் புருஷனை இழந்தவள். பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, அவள்தான் தாலித் தட்டை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கி வந்தாள், எல்லோரும் தொட்டுக் கும்பிட்டு அட்சதை எடுத்தார்கள். நான் சுற்றிலும் பார்த்தேன். யாரும் திரும்பவில்லை, யாரும் முணுமுணுக்கவில்லை, கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம், முன்பெல்லாம் இப்படி விடமாட்டார்கள் தெரியுமா என்றேன். "எதுக்கு மாமா?" என்றாள். எதற்கு என்று எனக்கு உடனே சொல்ல வரவில்லை.

அத்தை 2019-இல் போய்விட்டாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். தட்டு எங்கள் வரிசைக்கு வந்தது, அம்மா தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதாவது சொல்வாள் என்று. அம்மா தாம்பூலப் பையைப் பிரித்து, உள்ளே இருந்த அதிரசத்தை விண்டு வாயில் போட்டு மென்றாள்.

"பாகு முந்திப்போச்சு," என்றாள். "அண்ணி இருந்தா எண்ணெய்ச் சட்டிக்கே விட்டிருக்க மாட்டாங்க."